தொழுவும் வளையும்

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் நரியொன்று பொந்துக்குள் நுழைந்தது. சில பக்கங்கள் கழித்து முயலும் பொந்துக்குள் நுழைந்தது. பிறகு எலி, பாம்பு, ஆந்தை என்று ஒவ்வொன்றாகப் பொந்துக்குள் போய்ச் சேர்ந்தன. இவற்றுள் ஆந்தை ஒன்றுக்குத்தான் அந்தச் சொல் முழுமையாகப் பொருந்துகிறது என்று தோன்றவே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அகராதியை எடுத்தேன். பேச்சில் எலிப்பொந்து, பாம்புப்பொந்து என்கிறோம்தான்; பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் மரத்தின் உள்ளீடற்ற துளையே அச்சொல்லின் இயல்பான இருப்பிடம். மற்ற உயிர்களுக்குத் தமிழ் வேறு வேறு வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த வீடுகளின் பெயர்களையும், அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையான 'தோண்டுதல்' என்னும் வினையையும் தேடிப் புறப்பட்டவன், எதிர்பாராமல் தென்னிந்திய வரலாற்றின் மிகப் பழைய சாம்பல் மேடு ஒன்றின் முன் போய் நின்றேன். அந்தப் பயணத்தின் குறிப்புகளே இவை.

தொல்காப்பிய மரபியலில் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்கள் ஒன்பது வகுக்கப்பட்டுள்ளன: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்பதும் சொல்லப்படுகிறது. ஆண்பாற் பெயர்களும் பெண்பாற் பெயர்களும் அவ்வாறே. இத்தனை நுணுக்கம் பார்த்தவர் அவ்வுயிர்களின் இருப்பிடப் பெயர்களுக்கு ஒரு நூற்பா வகுக்காமற் போனது நமக்கு இழப்பே. எனவே இலக்கிய வழக்கிலிருந்து நாமே பொறுக்க வேண்டியிருக்கிறது.

நண்டுக்கு அளை, வளை என்றும் வழங்கும். எலிக்கு வளை. மலைப்பிளவு விடர். புலியும் சிங்கமும் கிடப்பது முழை. கல்லிடுக்கில் அமைந்த புலியின் இருப்பிடத்துக்குக் கல்லளை என்ற பெயரும் உண்டு. புறநானூற்றின் 86ஆம் பாட்டில் காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி இருந்து நீங்கிய கல்லளையோடு ஒப்பிடுகிறாள் என்பது நம்மில் பலர் பள்ளியிலேயே படித்தது. (அளை என்ற சொல்லுக்கே தயிர் என்றும் பொருளுண்டு. ஆயர் பாட்டுகளில் அளை வந்தால் நண்டைத் தேடக் கூடாது.) பறவைக்குக் கூடு, குடம்பை. குடம்பை என்பதில் உரையாசிரியர்களிடையே ஒரு சுவையான பிணக்கு உண்டு. நிலையாமை அதிகாரத்தில், பறவை தனித்துக் கிடக்க விட்டுப் பறந்துபோவதாக வள்ளுவர் சொல்லும் குடம்பையைப் பரிமேலழகர் முட்டை என்று கொள்வார். கூடு என்று கொள்வாரும் உளர். கூட்டுக்குப் பறவை திரும்பி வரும், முட்டைக்குள் திரும்பிப் போகாது என்பது பரிமேலழகர் பக்கத்து நியாயம். உயிர் உடலுக்குத் திரும்புமா என்ற பெருங்கேள்வி ஒரு பறவையின் வீட்டுப் பெயரில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள்.

புற்று தனி இனம். வளையைத் 'தோண்டு'கிறார்கள், கூட்டைக் 'கட்டு'கிறார்கள், புற்றை 'எடுக்கிறார்கள்'. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். எடுத்தல் என்றால் உயர்த்துதல். கறையான் மண்ணுக்கடியில் அகழ்ந்து, அகழ்ந்த மண்ணை எச்சிலால் குழைத்து மேலே உயர்த்துகிறது. ஒரே வேலையில் தோண்டலும் கட்டலும் அடங்கியிருப்பதை அந்த ஒரு வினைச்சொல் கண்டுகொண்டிருக்கிறது.

இனித் தோண்டுதல். இவ்வினைக்குத் தமிழில் உள்ள சொற்களை எழுதத் தொடங்கினால் ஒரு தாள் போதாது. அகழ், கல்லு, கெண்டு, தொடு, குடை, பறி, கிளறு, கிண்டு, நோண்டு, மிண்டு என்று நீள்கின்றன. ஒருபொருட் பன்மொழி என்று இவற்றை ஒரே கூடையில் போட்டுவிடுவது அகராதிக்காரர்களுக்கு எளிது. ஆனால் கிணறு 'வெட்டு'கிறவன் கிழங்கை வெட்டுவதில்லை, 'அகழ்'கிறான் அல்லது 'கிண்டு'கிறான். கோழி குப்பையைக் கிளறும், சீய்க்கும். வண்டு மரத்தைக் குடையும். சங்கப் புலவர்கள் காட்டுப்பன்றி நிலத்தை உழுவதாகவே பாடுவர். அதன் கொம்பு அவர்களுக்கு ஏர். கரடிக்கு எண்கு என்று பெயர். அது கறையானுக்காகப் புற்றை அகழும் காட்சி அகப்பாடல்களில் இரவு வழியின் அச்சத்தைச் சொல்லத் திரும்பத் திரும்ப வருகிறது. தோண்டுவதையே தன் பெயராகக் கொண்ட உயிரும் உண்டு: அகழான், அகழெலி என்பது வயலெலி வகை.

மனிதன் தோண்டியதும் முதலில் பசிக்காகத்தான். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், நுனியில் உளிபோன்ற இரும்பு பூண்ட கோலால் கரட்டு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். உழவர் நிலத்தைத் திறந்தது ஏரால். இவர்கள் திறந்தது கோலால். எறும்பு சேர்த்துவைத்த தானியத்தையே அவர்கள் எடுத்தார்கள் என்று நச்சினார்க்கினியர் விளக்குவார். எறும்பின் வீடு எயிற்றியின் களஞ்சியமாயிற்று. எலிவளையை வெட்டி நெற்கதிர் எடுப்பது நம் வயல்களில் அண்மைக்காலம் வரை பார்க்கக்கூடிய காட்சியாகவே இருந்தது. அறுவடைக்குப் பின் வரப்போரம் மண்வெட்டியோடு சுற்றுகிறவர்களை ஊரார் கேலி பேசியதுண்டு. அந்தக் கேலிக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டுப் பசி இருந்ததை யாரும் நினைத்ததில்லை.

தொடு என்ற சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். இன்று தொடுதல் என்றால் கைபடுதல் மட்டுமே. பழந்தமிழில் அதற்குத் தோண்டுதல் என்ற பொருளும் உறுதியாக உண்டு. மணற்கேணியை உவமை காட்டிக் கல்வியைப் பேசும் 396ஆம் குறளில் 'தொட்ட' அளவு என்பதற்குத் தோண்டிய அளவு என்று பொருள். கேணியை விரலால் தொட்டுப் பார்ப்பதன்று. கடலுக்குத் 'தொடுகடல்' என்ற பெயர் புறநானூற்றின் ஆறாம் பாட்டில் வருகிறது. சகரர் தோண்டிய கடல் என்று அதற்கு உரை கண்டனர். தோண்டு என்ற நம் சொல்லின் உறவினர் அக்கம்பக்கத்திலெல்லாம் இருக்கிறார்கள். கன்னடத்தில் தோண்டுவது 'தோடு'. மலையாளத்தில் நீர் ஓடும் சிற்றோடை 'தோடு'. தோண்டப்பட்ட வழி என்பதே அதன் உட்பொருளாகலாம்.

இந்த இடத்தில்தான் சொல்லாராய்ச்சியில் இறங்குவோர்க்கு ஒரு வழுக்குப்பாறை. தொடு, தொள், துளை, தொளை, தோண்டு என்று ஒரு குடும்பம் கண்ணெதிரே நிற்கிறது. பக்கத்திலேயே தொழு, தொழுவம் நிற்கின்றன. விலங்குகளை மழையினின்றும் புலியினின்றும் காக்க மனிதன் முதலில் நிலத்தைத் தோண்டி அடைத்தான்; அந்தத் 'தொள்'ளே 'தொழு' ஆயிற்று என்று எழுதிவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. எனக்கும் துடித்தது. ஆனால் ளகரமும் ழகரமும் உறவுமொழிகளில் வெவ்வேறு வழிகளில் திரிந்த தனித்தனி ஒலிகள். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளத் தனிச் சான்று வேண்டும். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருந்திய பதிப்பு 1984) துளைப்பொருட் சொற்களையும் தொழுவையும் வேறு வேறு பதிவுகளாகவே வைக்கிறது. கல்லுதல் என்றால் தோண்டுதல், ஆகவே கல்வி என்றால் மனத்தைத் தோண்டுதல் என்று மேடைகளில் சொல்லப்படுவதும் இத்தகையதே. அழகு உண்டு, அந்த மணற்கேணிக் குறளின் பின்பலமும் உண்டு; சான்று போதாது. (அகராதியின் ஆசிரியர் பெயரான பரோ என்பதற்கே ஆங்கிலத்தில் விலங்கின் வளை என்று பொருள். வேர்களைத் தோண்டியவருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்.)

எனவே தொழுவைத் தொழுவாகவே பார்ப்போம். முல்லைக்கலியில் ஏறு தழுவலுக்குக் காளைகள் புகவிடப்படும் அடைப்பிடம் தொழு. வேலியிட்டு ஆவும் ஆடும் அடைக்கும் இடங்களுக்கு அதனோடு பட்டி, பாடி, மன்று, கொட்டில், வாடி என்று பல பெயர்கள். இவை ஒவ்வொன்றும் பின்னாளில் ஊராகியும் மனிதக் கூட்டமாகியும் வளர்ந்ததுதான் வியப்பு. ஆண்டிபட்டியும் உசிலம்பட்டியும் கோவில்பட்டியும் ஒரு காலத்து ஆடுமாடுகளின் அடைப்பிடப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதே சொல் கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹட்டி' ஆயிற்று. நீலகிரியின் படகர் தம் ஊர்களை ஹட்டி என்றே வழங்குகின்றனர். கொங்குநாட்டிலும் இலங்கைத் தமிழரிடத்தும் மாட்டுப்பொங்கலுக்குப் பட்டிப்பொங்கல் என்று பெயர். ஜல்லிக்கட்டின் வாடிவாசலில் உள்ள வாடிதான் விறகுவாடியிலும், இலங்கைக் கரையோர மீனவர் பருவத்துக்குப் போய்த் தங்கும் வாடியிலும் இருப்பது.

மன்று இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. பசுக்கள் கூடும் இடமும், பசுவின் தொழுவும், ஊரார் கூடிப் பேசும் இடமும் அச்சொல்லுக்குப் பொருள்கள். மாடுகள் கூடிய பொதுவெளியில்தான் மனிதரும் கூடினர் போலும். நீதிமன்றம், நாடாளுமன்றம் என்று சொல்லும்போது மாட்டுச்சாணத்தின் மணம் எவருக்கும் வருவதில்லை. ஆனால் நீலகிரியில் வரும். தோடர்களின் எருமையும் மனையும் சேர்ந்த குடியிருப்புக்கு வெளியார் வழங்கிய 'மந்து' என்னும் பெயர் இச்சொல்லின் உறவே. உதகமண்டலம் என்று சமஸ்கிருத மிடுக்கோடு நாம் எழுதுகிற பெயரின் வால், மண்டலமன்று, மந்துதான். தோடர்க்கு எருமைப்பால் கடையும் இல்லமே கோயில் என்பதையும் சேர்த்து நினைத்தால் மன்று என்ற சொல்லின் பழைய வெப்பம் சற்றுப் புலப்படும்.

'பட்டிதொட்டி' என்று ஒரு தொடர் உண்டு. பட்டிதொட்டியெங்கும் பரவியது என்போம். இதில் பட்டி தெரிகிறது. தொட்டி? தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொண்டால் தொடர் பொருளற்றுப் போகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மாடடைக்கும் இடம் 'தொட்டி' (நடு எழுத்தை அழுத்தாமல் மென்மையாகச் சொல்ல வேண்டும்). ராமநகரம் பக்கம் போனால் இந்தத் தொட்டியில் முடியும் சிற்றூர்கள் ஏராளம். ஆகவே பட்டியும் தொட்டியும் ஒரே பொருளுடைய இரட்டைகள், மேய்ச்சல் நிலத்தின் சிற்றூர்கள் என்று கொள்வதே பொருத்தமென்று எனக்குப் படுகிறது. நீர்த்தொட்டி, குடைந்து செய்யப்பட்டது என்ற வகையில், வேறு வீட்டுப் பிள்ளை.

கிடையைப் பற்றி ஒரு சொல். தொழுவும் பட்டியும் நிலைத்து நிற்பவை, கிடை நடப்பது. அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை இரவு தங்கவைத்து, விடிந்ததும் அடுத்த வயலுக்கு நகர்த்துவார்கள். குட்டிகளை மூங்கிற்கூடைக்குள் மூடி வைப்பார்கள். புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு. நெல்லோ பணமோ கீதாரிக்கு. கி. ராஜநாராயணனின் 'கிடை'யைப் படித்தவர்க்கு இவ்வுலகம் அயலன்று. விலங்கின் இருப்பிடம் என்பது காவல் மட்டுமன்று, எருவும் கூட என்பதைக் கிடை வெளிப்படையாகச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் ஆயர் குடியிருப்பிலும் முள்வேலிக்குள் எரு மிகுந்து கிடக்கிறது.

அந்த எருவே நான் முதலில் சொன்ன சாம்பல் மேட்டுக்கு இட்டுச் செல்கிறது.

கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், பல்லாரி, ராய்ச்சூர் முதலிய இடங்களில், பெரும் சாம்பல் மேடுகள் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்டவை கண்டறியப்பட்டிருக்கின்றன. சில மேடுகளில் சாம்பல் உருகிக் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். மக்கள் அவற்றுக்குப் புராணம் சொன்னார்கள். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்து மேடு வாலியின் உடலை எரித்த இடம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அவற்றை எரிமலைக் கழிவென்றும் இரும்புருக்கிய கசடென்றும் பலவாறு ஊகித்தனர். பல்லாவரத்தில் 1863இல் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் இவை மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல் என்று சொன்னார். சொன்னாலும் ஐயம் தீரவில்லை. ஒரு மலையளவு சாணத்தை யார், ஏன் எரிக்க வேண்டும்?

விடை தோண்டித்தான் வந்தது. 1957இல் ரேமண்ட் ஆல்சின் பழைய மகபூப்நகர் மாவட்டத்து உட்நூர் மேட்டை அகழ்ந்தார். சாம்பலடுக்குகளுக்கிடையே வேலிக்கால் நட்ட குழிகள் வரிசையாக வெளிப்பட்டன. அதைவிட, மாட்டுக் குளம்புகளின் தடங்கள் அப்படியே பதிந்து கிடந்தன. புதிய கற்கால மக்கள் வலிய மரவேலியிட்டு மாடுகளை அடைத்த தொழு அது. சாணம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. காலத்துக்கொருமுறை அதற்குத் தீ மூட்டினார்கள். அதன்மேல் மீண்டும் வேலியிட்டு மீண்டும் மாடடைத்தார்கள். இது நடந்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. தம் முடிவுகளை ஆல்சின் 1963இல் ஒரு நூலாக வெளியிட்டார். அத்தீ தற்செயலன்று, பருவச் சடங்காக இருக்கலாம் என்று கருதிய அவர், பொங்கல், ஹோலி, தீபாவளி முதலிய விழாக்களின் நெருப்போடும் மாடுகளோடும் அதை ஒப்பிட்டார். மைசூர், மாண்டியா பக்கத்துச் சிற்றூர்களில் சங்கராந்தி மாலையில் மாடுகளை அலங்கரித்து எரியும் வைக்கோலைத் தாண்ட விடுவதைப் பார்த்தவர்க்கு இந்த ஒப்பீடு வெறும் கற்பனையாகத் தோன்றாது. பிற்காலத்தில் கே. பத்தய்யா புதிஹாளில் நடத்திய அகழாய்வு, இம்மேடுகள் வெறும் தொழுக்கள் மட்டுமல்ல, மக்களும் அங்கேயே வாழ்ந்தனர் என்று காட்டியது. பட்டி ஊரானது தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று போலும்.

அந்த மாட்டுக்காரர்கள் அத்தொழுவை எந்தச் சொல்லால் அழைத்தனர்? எழுத்து இல்லாத காலம். அவர்கள் பேசியது திராவிட மொழியின் முன்வடிவமாகலாம் என்று சவுத்வர்த், டோரியன் ஃபுல்லர் போன்ற அறிஞர்கள் கருதுகின்றனர்; நிறுவப்பட்டதென்று சொல்லிவிட முடியாது. அதற்குள் மேடுகள் குறைந்துகொண்டு வருகின்றன. வயலுக்கு எருவாக வெட்டியெடுத்தும் சாலைக்காக இடித்தும் பல சிதைந்துவிட்டன. அகழ்வாரைத் தாங்கும் நிலம் என்றார் வள்ளுவர். மண்வாரி எந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தொழு இருந்த இடத்தில் கொள்ளையும் இருந்தது. பசுக்கூட்டத்துக்குத் 'தொறு' என்று பெயர். தொறு கொள்ளப் போனவனும் தொறு மீட்கப் போனவனும் மாண்டு நடுகல்லானார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் ஆகோள் என்ற சொல்லே இருக்கிறது. வெட்சித் திணைக்கு இலக்கணம் வகுத்தபோது தொல்காப்பியர் ஆண்ட அதே சொல். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை மறக்க முடியாது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. வீரனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் கண்டதாகப் பெருமை பேசிய அதே மன்னனின் காலம். குடைவரையைப் பார்க்கப் பேருந்து ஏறிச் செல்கிறோம். எருமைத்தொழுவின் நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் வைத்த ஊரை அறிந்தவர் சிலரே.

கொள்ளைக்குக் 'கொண்டி' என்றும் பெயர். பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். போரில் கொண்டுவரப்பட்ட பெண்கள். பிற்காலத்தில் கொண்டிமாடு என்றால் அடுத்தவர் வயலில் மேயும் கட்டுக்கடங்கா மாடு. அதைப் பிடித்து அடைக்குமிடம் கொண்டித்தொழு. 1871இன் கால்நடை அத்துமீறல் சட்டத்துக்குப் பின் அது 'பவுண்டு' என்றானது. பயிரில் வாய்வைத்த மாட்டைப் பிடித்து அடைக்கலாம், உரியவர் தண்டமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும், மீட்காவிடில் ஏலம். மேய்ச்சல் நிலம் சுருங்கிய காலத்தில் ஏழைக் குடியானவனுக்கு அந்தத் தண்டம் என்ன பொருள் தந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆநிரை கவர்ந்தவனும் கவரப்பட்டவனும் நேருக்கு நேர் நின்ற இடத்தில், ஒரு குமாஸ்தாவும் ரசீதுப் புத்தகமும் வந்து அமர்ந்தன.

தொழு என்ற சொல் இன்று தனியே வழங்குவது அரிது. தொழுவம் உண்டு, அதுவும் மாட்டுக்கொட்டகைக்கு இடம் விட்டு ஒதுங்கிவருகிறது. ஆனால் எந்த வேளாண் அலுவலகத்துக்குப் போனாலும் 'ஏக்கருக்கு இவ்வளவு டன் தொழு உரம்' என்பார்கள். கொட்டகை என்று மாறிப்போன வீட்டின் பழைய பெயரைச் சாணம் காப்பாற்றி வைத்திருக்கிறது, உட்நூரில் குளம்புத் தடங்களைக் காப்பாற்றியதைப் போல.

மொழிபெயர்ப்பு நாவலுக்குத் திரும்பினால், நரிக்கும் எலிக்கும் வளை என்று எழுதியிருக்கலாம், பாம்புக்குப் புற்று அல்லது அளை. முயல்தான் சிக்கல். நம் காட்டு முயல் வளை தோண்டுவதே இல்லை. புல்லிலோ புதரடியிலோ உடலழுத்திய சிறு பள்ளத்தில் படுத்துக்கிடந்து, காலடி நெருங்கும்போது பாய்ந்தோடும். மண்ணுக்குள் வளை தோண்டிக் குடும்பமாக வாழ்வது ஐரோப்பிய முயல். அதனால் முயலின் வீட்டுக்கெனத் தமிழில் ஒரு பழஞ்சொல் அமையாமற் போனதில் குற்றமில்லை. அந்த மொழிபெயர்ப்பாளரை இந்த ஓரிடத்தில் மட்டும் மன்னித்துவிட்டு, பென்சிலால் பக்க ஓரத்தில் 'வளை' என்று குறித்துக்கொண்டு மேலே படித்தேன்.